தேடுதற் கொப்பி

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து அலுமாரியில், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குக் கீழே, ஐந்து சீ. ஆர். கொப்பிகள் இருக்கின்றன. முதற் கொப்பியின் முதற் பக்கத்தில் நான்கு நிரல்கள் கோடிடப்பட்டுள்ளன. திகதி, இடம், விசாரித்தவர், முடிவு என்பன அவற்றின் தலைப்புக்கள். நான்காம் நிரலில் ஏறக்குறைய எல்லா வரிகளிலும் ‘இல்லை’ என்ற ஒரே சொல்லே எழுதப்பட்டிருக்கிறது. காணாமற் போன ஒரு முதியவரை ஏழு ஆண்டுகளாகத் தேடியதன் வரலாறு அக்கொப்பிகளுள் அடங்கியுள்ளது. அவ்வரலாற்றில் எனக்கும் ஒரு பங்குண்டு. அது பெருமை கொள்ளத்தக்க பங்கன்று. எனினும் அதனை எழுதிவிட வேண்டும் என்ற எண்ணம் சில காலமாக என்னை வருத்தி வந்தமையால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

காணாமற் போனவரை நாங்கள் ‘மாஸ்ரர்’ என்றே அழைத்தோம். அவர் கணித ஆசிரியர். வடமராட்சியிலே பிறந்து, வலிகாமம் வடக்கில் உள்ள ஒரு பாடசாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்தவர். நாள்தோறும் விடியற் காலையில் துவிச்சக்கரவண்டியில் வல்லை வெளியைக் கடந்து சென்று, மாலையில் அதே வெளியைக் கடந்து திரும்புவார். 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அப்பாடசாலையும் இடம்பெயர்ந்தது. அதன் பின்னர் ஊருக்கு அண்மையில் பணியாற்றி, 2000 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். ஓய்வின் பின்னும் அவரது வீட்டு விறாந்தையில் மாலை நேரத்தில் பிள்ளைகள் நிறைந்திருப்பர். பின்னமும் தசமமும் எனக்கு விளங்கியது அந்த விறாந்தையிலேதான்.

எழுபத்தைந்து வயதளவில் அவருக்கு மறதி தொடங்கியது. முதலில் திறப்பை மறந்தார். பின்னர் நாட்களை மறந்தார். அதன் பின்னர் மகளைப் பார்த்து, ‘நீர் எந்த வகுப்பு?’ என்று கேட்கலானார். ஆனால் வாய்பாட்டை மட்டும் அவர் மறக்கவில்லை. பதினேழாம் வாய்பாட்டை முதலிலிருந்து கடைசி வரையும் கடைசியிலிருந்து முதல் வரையும் தடங்கலின்றிச் சொல்லுவார். இந்நோயின் இயல்பு அத்தகையது என்று வைத்தியர்கள் கூறுவர். அண்மையில் நிகழ்ந்தவை முதலில் அழியும். இளமையிற் பதிந்தவை நெடுநாள் நிற்கும். 1906 ஆம் ஆண்டில் அலோயிஸ் அல்சைமர் என்ற செருமானிய வைத்தியர் இதனை முதன்முதலில் எடுத்துரைத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இதனை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. எங்கள் ஊரில் இதற்கு நோய் என்ற பெயர் கூட இருக்கவில்லை. ‘வயது போட்டுது, அறளை பேந்திட்டுது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

2018 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அப்போது நான் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தேன். காலை ஆறு மணிக்குப் பௌதிக வகுப்பு. நேரம் பிந்திவிட்டதே என்ற பதற்றத்துடன் சைக்கிளை மிதித்துச் சென்ற என்னைச் சந்தியடியில் மாஸ்ரர் எதிர்ப்பட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, கக்கத்தில் குடை. மேற்குத் தெருவை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

“மாஸ்ரர், எங்கை போறியள்?”

“பள்ளிக்கூடத்துக்கு. இண்டைக்கு முதற் பாடம் என்ரை.”

நான் சிரித்தேன். “சரி மாஸ்ரர், போட்டு வாங்கோ” என்றேன். சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துச் சென்றேன். அவருக்கு மறதி நோய் உண்டென்பது எனக்குத் தெரியும். அவரது பாடசாலை அந்த நேரத்தில் அந்த இடத்தில் இல்லை என்பதும் தெரியும். இறங்கி, அவரது கையைப் பிடித்து, இருநூறு யார் தொலைவிலிருந்த அவர் வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஐந்து நிமிடமே போதும். அந்த ஐந்து நிமிடத்தைப் பௌதிக வகுப்புக்காகச் சேமித்தேன். அன்று அவ்வகுப்பில் என்ன படிப்பித்தார்கள் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

மத்தியானம் ஊரெங்கும் செய்தி பரவியது. மாலையில் அறுபது பேருக்கு மேல் கூடினர். பொலிசில் முறைப்பாடு செய்யப்பட்டது. பருத்தித்துறையில் அவரது தங்கையின் வீடு இருந்தமையாலும், கிழக்கே செல்லும் பஸ்ஸில் அவரைப் போன்ற ஒருவரைக் கண்டதாக யாரோ கூறியமையாலும், தேடுவோர் அனைவரும் கிழக்கு நோக்கியே சென்றனர். பருத்தித்துறைத் துறைமுகம், தும்பளை, வல்லிபுர ஆழ்வார் கோயிற் சூழல், மணற்காட்டு மணல் மேடுகள் என அவ்விரவும் மறுநாளும் தேடினர். நானும் அவர்களோடு சென்றேன். மின்சூள் பிடித்துக்கொண்டு, மணல் மேட்டில் நின்று, ‘மாஸ்ரர்! மாஸ்ரர்!’ என்று கூவினேன். அவர் அங்கே இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே கூவினேன்.

ஏன் சொல்லவில்லை என்று பின்னர் என்னையே பல முறை கேட்டிருக்கிறேன். ‘கண்டும் விட்டிட்டு வந்தவன்’ என்று ஊர் சொல்லும் என்ற பயமே காரணம். முதல் மணித்தியாலத்தில் சொல்லியிருந்தால் அது ஒரு செய்தியாக இருந்திருக்கும். ஆறு மணித்தியாலம் கழிந்தபின் அது குற்றமாகிவிட்டது. ஒரு நாள் கழிந்தபின், சொல்வதற்கு வாயைத் திறப்பதே இயலாத காரியமாகிவிட்டது. பொய் சொல்லியவன் ஒரு முறை அஞ்சினாற் போதும். உண்மையை மறைத்தவனோ ஒவ்வொரு கணமும் அஞ்ச வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இரவு தபாற்கார மாமாவிடம் சென்றேன். அவர் எமக்கு உறவினர் அல்லர். முப்பது ஆண்டுகள் எங்கள் பகுதியில் கடிதங் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் மாமா. தேடுதலை ஒழுங்கு செய்தவரும், கொப்பியைத் தொடங்கியவரும் அவரே. வாசிகசாலை மேசையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் எழுதிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. சற்று நேரம் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, ‘எந்தப் பக்கம் பாத்து நடந்தவர்?’ என்று மட்டும் கேட்டார். பின்னர் கொப்பியின் முதற் பக்கத்தில், மேலே விடப்பட்டிருந்த இடத்தில், ‘வெள்ளி காலை 5.50, சந்தி, மேற்கு நோக்கி, குடையுடன். கண்டவர்:’ என்று எழுதினார். அதன் பின்னர் யார் பெயரையும் எழுதவில்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டார்.

மறுநாள் விடியற் காலையில் எல்லாரும் மேற்கே திரும்பினர். வல்லைப் பாலத்தடியில் வீச்சுவலை வீசிக்கொண்டிருந்த ஒருவர், வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியளவில் குடை பிடித்த முதியவர் ஒருவர் பாலத்தைக் கடந்து போனதைக் கண்டதாகச் சொன்னார். ‘எட்டுப் பதினேழு நூற்றி முப்பத்தாறு எண்டு சொல்லிக்கொண்டு போனவர்’ என்றார். அதற்கு மேல் எமக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. மாஸ்ரர் தம் பாடசாலைக்கே போயிருக்கிறார். வல்லையிலிருந்து அச்சுவேலி வழியாகச் செல்லும் வல்லை - அராலி வீதி அவர் இருபது ஆண்டு சென்ற வீதி. அவ்வீதியின் ஒரு பகுதி 1990 இலிருந்து நெடுங்காலம் மூடப்பட்டிருந்தது. அதனை அவர் அறிந்திருந்தவர்தான். ஆனால் அவ்வறிவு அவரை விட்டுப் போய்விட்டது. அவருடைய நடையில் அது திறந்த வீதி. அதன் முடிவில் மணி அடிக்கும் ஒரு பாடசாலை இருந்தது.

மூன்று நாட் பிந்தி நாங்கள் அவ்வழியிற் சென்றோம். மக்கள் மீளக் குடியேறிய காணிகளும், பற்றைகள் மூடிய காணிகளும், அப்போதும் இராணுவத்தின் வசமிருந்த காணிகளும் அருகருகே கிடந்தன. முகாம் வாயிலில் மாஸ்ரரின் படத்தைக் கொடுத்தோம். காவலில் நின்றவர் அதனை வாங்கி வைத்துக்கொண்டார். கூரையில்லாத வீடுகளுக்குள் புகுந்து பார்த்தோம். கொடி படர்ந்து வாய் மூடிய கிணறுகள் எங்களை மிகவும் அச்சுறுத்தின. ஒவ்வொரு கிணற்றையும் கத்தியால் வெட்டித் திறந்து, கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பிப் பார்த்தோம். அந்த மாதத்தில் 63 கிணறுகள் பார்த்ததாகக் கொப்பியில் இருக்கிறது. எங்களோடு வந்த பனந்தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு பனங்கூடலிலும் உயர்ந்த மரத்தில் ஏறிச் சுற்றுப்புறத்தைப் பார்த்துச் சொன்னார். வெள்ளை வேட்டியைத் தேடிய எங்கள் கண்களுக்குக் கொக்கு நின்றாலும் நெஞ்சு பதறியது.

இவற்றையெல்லாம் பற்றிப் பின்னர் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்து வாசித்தேன். மறதி நோயுற்றோர் வழிதவறும் முறைகளை அமெரிக்கரான றொபேட் கோஸ்ரர் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். அவர்களிற் பலர் கடைசியாகக் காணப்பட்ட இடத்துக்கு அண்மையிலேயே கண்டுபிடிக்கப்படுகின்றனர். பலர் முன்பு வாழ்ந்த வீட்டையோ, தொழில் செய்த இடத்தையோ நோக்கிச் செல்கின்றனர். பற்றையோ வேலியோ தடுக்கும் வரையில் நேரே நடந்து, தடுத்த இடத்திலேயே சிக்கிக்கொள்வர். கூப்பிட்டால் பெரும்பாலும் மறுமொழி சொல்லமாட்டார்கள். எனவே பெயரைக் கூவிக்கொண்டு வீதியாற் செல்வதிற் பயனில்லை. பற்றைக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். முதல் நாளே தேட வேண்டும். இவற்றை வாசித்தபோது, நான் மணல் மேட்டில் நின்று கூவிய இரவு என் நினைவுக்கு வந்தது. நூலை மூடிவிட்டு வெளியே சென்றேன்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய துன்பம் அன்று. முதியோர் மிகுந்த நாடான யப்பானில், 2023 ஆம் ஆண்டில் மாத்திரம், மறதி நோயுற்ற 19,039 பேர் காணாமற் போனதாகப் பொலிசாரிடம் முறையிடப்பட்டது. அவர்களிற் பெரும்பாலோர் சில நாட்களுக்குள்ளேயே கண்டுபிடிக்கப்பட்டனர். எம் நாட்டிலும் முதியோர் தொகை பெருகி வருகிறது. பிள்ளைகள் கடல் கடந்து போன வீடுகளில் முதியோர் தனித்திருக்கிறார்கள். அதிகாலையில் வேட்டி உடுத்துப் புறப்படும் முதியவரிடம் ‘எங்கை போறியள்?’ என்று கேட்பது எமது பண்பாடு. கேட்டபின் மறுமொழியைச் செவிமடுப்பதும் அப்பண்பாட்டின் பகுதி என்பதை நான் பிந்தியே கற்றேன்.

மூன்றாம் கிழமையில் வல்லைக் கடல்நீரேரி ஓரத்தில் ஒரு குடை கிடைத்தது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தோம். அதனைக் கொண்டுபோய் மாஸ்ரரின் மனைவியிடம் கொடுத்தோம். ஆச்சி அதனை விரித்துப் பார்த்தார். காம்பைத் தடவிப் பார்த்தார். “அவற்றை குடைக் காம்பிலை நான் நூல் சுத்தி வைச்சனான். இது அவற்றை இல்லை” என்று திருப்பித் தந்தார். அன்று எமக்கு ஏற்பட்டது ஆறுதலா ஏமாற்றமா என்று என்னாற் கூற முடியவில்லை.

அறுபது பேர் நாற்பதாயினர், நாற்பது பதினைந்தாயிற்று. அது யாருடைய குறையும் அன்று. தோட்டத்துக்கு நீர் இறைக்க வேண்டும். வள்ளத்துக்குப் போக வேண்டும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆண்டு முடிவில் எஞ்சியவர் ஆறு பேர்: தபாற்கார மாமா, முன்பள்ளி ஆசிரியையான மாஸ்ரரின் மகள், பனந்தொழிலாளி, ஓட்டோச் சாரதி ஒருவர், நான், இவர்களோடு ஒரு தாய்.

அத்தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009 ஆம் ஆண்டு வைகாசியில், போரின் கடைசி நாட்களில், அவருடைய மகன் காணாமற் போனான். 2017 ஆம் ஆண்டு மாசியில் கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டந் தொடங்கியபோது அவரும் அங்கே சென்று இருந்தவர். மகனுடைய படத்தைச் சுமந்த அதே பையில் மாஸ்ரரின் படத்தையும் வைத்திருந்தார். உங்களுக்கு உங்கள் துயரம் போதாதா என்று ஒருநாள் அக்கா, மாஸ்ரரின் மகள், கேட்டார். அதற்கு அவர் சொன்ன மறுமொழியை நான் மறக்கவில்லை.

“என்ரை பிள்ளை எங்கை எண்டு ஆருக்கோ தெரியும். அவை சொல்லுகினம் இல்லை. உங்கடை அப்பாவை ஒருத்தரும் ஒளிச்சு வைக்கேல்லை. தேடினால் கிடைக்கிற ஆள். அப்பிடி ஒரு ஆளைத் தேடுறதுக்கு எனக்கு ஆசையாக் கிடக்கு, பிள்ளை.”

அவரே எங்களைச் சந்நிதிக்கு அழைத்துச் சென்றவரும். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்பர். அங்குள்ள மடங்களில் யாரென்று கேளாமற் சோறு போடுவார்கள். வீடு மறந்தவரும், வீட்டால் மறக்கப்பட்டவரும் அங்கே ஒதுங்குவதுண்டு. ஒவ்வொரு வெள்ளியும் மடங்களிற் பந்தி வரிசையாக முகம் பார்த்தோம். வைகாசி மாதத்தில் அங்கிருந்து கதிர்காமப் பாதயாத்திரை புறப்படும். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் எனக் கிழக்குக் கரையாற் சென்று, உகந்தையில் வழிபட்டு, குமுக்கன் ஆற்றைக் கடந்து காட்டு வழியே ஆடிவேல் விழாவுக்குக் கதிர்காமத்தை அடைவார்கள். நடப்பதே நினைவாக இருந்த மாஸ்ரர் அக்கூட்டத்தோடு சேர்ந்து நடந்திருக்கக் கூடும் என்ற எண்ணம் எங்களுக்கு உண்டாயிற்று. 2018 ஆம் ஆண்டு வைகாசியில் தபாற்கார மாமாவும் அத்தாயும் படத்துடன் நடந்தனர். தங்கிய கோயில்தோறும் விசாரித்தனர்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு கோயில் மடத்தில், யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசும் முதியவர் ஒருவர் இருப்பதாக அறிந்து ஓடினர். அவர் மாஸ்ரர் அல்லர். தம் பெயரும் ஊரும் அவருக்குத் தெரியவில்லை. ஒரு காணியின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு காணிக்கும் உறுதியில் ஒரு பெயருண்டு. அது அயலவருக்கன்றி வேறெவருக்கும் தெரியாது. மாமா அப்பெயரை எழுதிக்கொண்டார். தமக்குத் தெரிந்த பழைய தபாற்காரர் எல்லாரையும் தொலைபேசியில் அழைத்தார். அவர்கள் தமக்குத் தெரிந்தவர்களை அழைத்தனர். ஒன்பதாம் நாள் தென்மராட்சியில் ஒருவர், ‘அது எங்கடை பகுதிக் காணியல்லோ’ என்றார். இரண்டு ஆண்டுகளாகத் தந்தையைத் தேடி ஓய்ந்திருந்த பிள்ளைகள் வந்து அழைத்துச் சென்றனர். கொப்பியில் அந்நாளுக்குரிய நான்காம் நிரலில் மாமாவின் எழுத்து இருக்கிறது: ‘இவர் அல்லர். வேறொருவர். வீடு சேர்ந்தார்.’

அவ்வாறான வரிகள் ஐந்து கொப்பிகளிலும் மூன்று உள்ளன. மாஸ்ரரைத் தேடப் போய் மூவர் வீடு சேர்ந்தனர். அக்காவிடம் இதைச் சொல்லி மகிழ எங்களுக்கு வாய் வரவில்லை. அவரோ அந்த மூன்று வீடுகளுக்கும் ஒரு முறை போய் வந்தார். என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு நிகழ்வின் பின், படமொன்றைக் காட்டி ஊர் ஊராக விசாரிப்பவர்களைச் சனங்கள் ஐயத்துடன் பார்த்தனர். 2020 ஆம் ஆண்டு பங்குனியில் ஊரடங்கு வந்தது. சந்நிதிப் பந்தியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. கொப்பியில் அம்மாதங்கள் வெறுமையாக உள்ளன. 2022 இல் எரிபொருள் இல்லாமற் போனபோது ஓட்டோ நின்றது. சைக்கிளில் போய் வந்தோம். இடையில் நான் பேராதனைக்கு வந்துவிட்டேன். விடுமுறைக்கு ஊர் செல்லும் இரவு பஸ் தம்புள்ளையிலும் மதவாச்சியிலும் வவுனியாவிலும் நிற்கும். தூக்கத்தில் இருந்தாலும் எழுந்து இறங்கி, தேநீர்க்கடை வாங்கில்களில் உறங்கும் முதியோரின் முகங்களைப் பார்ப்பேன். நண்பர்கள் முதலிற் கேலி செய்தனர். காரணம் அறிந்தபின் அவர்களும் இறங்கிப் பார்க்கலாயினர். சிங்கள நண்பன் ஒருவன் மாஸ்ரரின் படத்துக்குக் கீழே சிங்களத்தில் நான்கு வரி எழுதித் தந்தான்.

2025 ஆம் ஆண்டு மாசியுடன் ஏழு ஆண்டுகள் நிறைந்தன. அதுவரை நாங்கள் அதிகம் எண்ணாத ஒரு துன்பம் அவ்வீட்டில் இருந்தது. ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் கிராம அலுவலர் மூலம் உறுதிப்படுத்த வேண்டும். மாஸ்ரருக்காக யாரால் உறுதிப்படுத்த முடியும்? அவரது ஓய்வூதியம் நின்றது. விதவைக்குரிய ஓய்வூதியம் பெற மரணச் சான்றிதழ் வேண்டும். அதுவும் இல்லை. உயிருடன் உள்ளார் என்பதற்கும் சான்றில்லை. இறந்தார் என்பதற்கும் சான்றில்லை. முன்பள்ளி ஆசிரியையின் சிறு வேதனத்தில் இருவரும் வாழ்ந்தனர். ஆச்சியின் கண்ணிற் படலம் வளர்ந்து வந்தது.

சட்டத்தரணி ஒருவர் வழி கூறினார். 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் 108 ஆம் பிரிவு என ஒன்றுண்டு. ஒருவர் உயிருடன் இருந்தால் அவரைப் பற்றி இயல்பாகவே அறியக்கூடியவர்கள், சட்டங் குறிக்கும் காலம் முழுவதும் அவரைப் பற்றி எதுவும் அறியவில்லை என்று காட்டப்பட்டால், அவர் உயிருடன் இருக்கிறார் என நிறுவும் பொறுப்பு அவ்வாறு சொல்பவரையே சாரும். அக்காலம் எப்போதோ கடந்துவிட்டது. ‘அறியவில்லை என்பதற்கு ஏதாவது எழுத்துச் சான்று உண்டா?’ என்று அவர் கேட்டார். அக்கா எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

உண்டு. ஐந்து கொப்பிகள் உண்டு. ஏழு ஆண்டுகள், இடம் இடமாக, நாள் நாளாக, ‘இல்லை’ என்று எழுதிய கொப்பிகள். அவரை உயிருடன் கொண்டுவருவதற்காக எழுதிய எழுத்தே அவர் இறந்துவிட்டார் என்பதற்கு எல்லாவற்றிலும் வலிய சான்றாகி நின்றது. ஓட்டோச் சாரதி எழுந்து வெளியே போய்விட்டார். ‘இதைக் குடுக்கேலாது. குடுத்தால் நாங்களே கொள்ளி வைச்ச மாதிரி’ என்று பனந்தொழிலாளி சொன்னார். ஊரிலே பெரியவர்கள் வேறு கணக்குச் சொன்னார்கள். பன்னிரண்டு ஆண்டு பொறுத்து, தர்ப்பையால் உருவஞ் செய்து கிரியை செய்ய வேண்டும் என்பது அவர்கள் கேட்டறிந்த முறை. இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது என்றனர்.

முடிவு செய்ய வேண்டியவர் ஆச்சி. நாங்கள் அறுவரும் அவ்வீட்டு விறாந்தையில், முன்பு வாய்பாடு சொன்ன அதே இடத்தில், இருந்தோம். ஆச்சியின் நெற்றியிற் பொட்டிருந்தது. அவர் அதிகம் பேசவில்லை.

“அவரை நான் சாகக் குடுக்கேல்லை, பிள்ளையள். கடதாசிக்குத்தான் குடுக்கிறன். நீங்கள் தேடுறதை விடாதேங்கோ.”

அதைக் கேட்டபின் எவரும் மறுத்துப் பேசவில்லை. காகிதத்துக்கு ஒரு கணக்கு வேண்டும்; அடுப்புக்கும் கண்ணுக்கும் அக்காகிதம் வேண்டும். மனிதரின் கணக்கு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஏழு ஆண்டுகள் அவரைப் பசியோடு வைத்திருந்தோமோ என்று எனக்குத் தோன்றியது. தேடுவோர் பல வேளைகளில் தமக்காகவே தேடுகிறார்கள். நான் தேடியதும் பெரும்பாலும் எனக்காகவே. அந்த ஐந்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற நப்பாசையே என்னை வல்லை வெளிக்கும் சந்நிதிக்கும் இழுத்துச் சென்றது. ஆச்சிக்கு வேண்டியிருந்தது வேறு. அதனை அறிய எங்களுக்கு ஏழு ஆண்டுகள் சென்றன.

கொப்பிகளைச் சட்டத்தரணியிடம் கொடுப்பதற்கு முதல் நாள் இரவு நான் வாசிகசாலைக்குச் சென்றேன். மாமா அங்கே பிரதி எடுத்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் இப்போது கை நடுங்குகிறது. முதற் கொப்பியை எடுத்து முதற் பக்கத்தைத் திறந்தேன். ‘வெள்ளி காலை 5.50, சந்தி, மேற்கு நோக்கி, குடையுடன். கண்டவர்:’ அதன் பின் அந்த வெற்றிடம் அப்படியே இருந்தது. “மாமா, இதிலை பேர் இல்லாட்டில் சான்றாக எடுப்பினமோ?” என்று கேட்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

என் பெயரை முழுமையாக எழுதினேன். வேண்டுமானால் நீதிமன்றத்திற் சாட்சியாக நிற்கவும் வருவேன் என்று சொன்னேன். அது ஏழு ஆண்டுகளுக்கு முன், மத்தியானம் ஊர் கூடியபோது, நான் செய்திருக்க வேண்டிய காரியம். அப்போது செய்திருந்தால் ஒருவேளை ஒரு மனிதர் வீடு சேர்ந்திருப்பார். இப்போது ஒரு காகிதம் மட்டுமே சேரும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் அறிவேன்.

அடுத்த கிழமை அக்கா புதிய சீ. ஆர். கொப்பி ஒன்று வாங்கி வந்தார். ஆறாவது கொப்பி. முதற் பக்கத்தில் நான்கு நிரல்கள் கோடிட்டார். வைகாசி மாதம் பாதயாத்திரை புறப்படும் நாளைத் திகதி நிரலிலும், செல்வச்சந்நிதி என்பதை இட நிரலிலும் எழுதினார். விசாரிப்பவர் என்ற இடத்தில் அத்தாயின் பெயரையும் என் பெயரையும் எழுதச் சொன்னேன். நான்காம் நிரலை வெறுமையாக விட்டோம்.